காசு கொடுத்து வாங்குற ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: யாரும் எழுதாத நஷ்டக் கணக்கு

எஜுகேஷன் லோன் பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியாச்சு. இன்னைக்கு அந்த லோன் காசுல இருந்தே போற, ஆனா யாரும் கணக்குல எழுதாத ஒரு செலவைப் பத்திப் பேசணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்.

ப்ராஜெக்ட் சென்டர் போர்டு நீங்க பார்த்திருப்பீங்க. டைட்டில், கோடிங், ரிப்போர்ட், பைண்டிங், வைவாவுக்கு ரெண்டு நாள் கோச்சிங், எல்லாம் ஒரே பேக்கேஜ். நானும் அப்படி வாங்கினவன்தான். நாலு பேர் பங்கு போட்டோம். என் பங்குக்கு அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாங்க. வைவாவுல பாஸ். முதல் இன்டர்வியூல, "இந்த ப்ராஜெக்ட்ல நீங்களா எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. நான் எடுத்த ஒரே முடிவு, எந்த சென்டர்ல வாங்குறதுங்கிறதுதான். அதைச் சொல்லவா முடியும்?

இதுல உண்மையான நஷ்டம் அந்தப் பேக்கேஜ் காசு இல்ல. 4 லட்சம் லோன், 10% வட்டின்னு வச்சுக்குங்க. மாசம் சுமார் 3,300 ரூபாய் வட்டி ஏறும். மொரட்டோரியம் பெரும்பாலும் படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும். அந்த ஒரு வருஷமும் இ.எம்.ஐ.தான் நிக்கும், வட்டி நிக்காது. ஆறு மாசம் வேலை தள்ளிப்போனா கிட்டத்தட்ட 20,000 ரூபாய் போச்சு, சம்பளம் வராதது தனி. அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன்ல பெரும்பாலான பி.இ. கோர்ஸுக்கு கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் 10 கிரெடிட். அனுபவம் இல்லாத ஒருத்தர் இன்டர்வியூல காட்ட வேற என்ன இருக்கு?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் படிக்கிற பசங்க மேல எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. சுத்தி டேனரி, ஷூ கம்பெனி. ஆனா ப்ராஜெக்ட் டைட்டில் பார்த்தா, ஊர் பேரே தெரியாத எங்கேயோ இருக்கிற டிராஃபிக் சிக்னல்!

ஒரு ஐடியா சொல்றேன். தோல் சதுர அடிக் கணக்குல விலை போற பொருள். துணி மாதிரி ஒரே அளவுல இருக்காது. ஓரம் வளைஞ்சிருக்கும், கீறல், உண்ணி கடிச்ச தழும்பு எல்லாம் இருக்கும். அதைத் தவிர்த்து அப்பர் பீஸ்களை எப்படி அடுக்கி வெட்டுறாங்கங்கிறதுலதான் லாபம். ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நாளைக்கு 1,000 சதுர அடி வெட்டுது, அடி 100 ரூபாய்னு வச்சுக்கலாம். வேஸ்ட்ல 1% குறைஞ்சா நாளைக்கு 1,000 ரூபாய். 25 வேலை நாளைக்கு 25,000. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு போன் கேமராவுல தழும்பு கண்டுபிடிக்கிற ப்ராஜெக்ட். மெக்கானிக்கல்னா அடுக்குற முறை. பி.காம்., எம்.பி.ஏ.ன்னா, தோல் வாங்கின நாள்ல இருந்து பில் காசு கைக்கு வர்ற வரைக்கும் எத்தனை நாள், அதுக்கு எவ்வளவு வட்டி போகுதுன்னு ஒரே ஒரு யூனிட்டோட கணக்கு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50% வரி போட்டப்போ இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம்னு ஆம்பூர்ல எல்லாருக்கும் புரிஞ்சுது.

தண்ணி விஷயம் இன்னும் பெரிசு. 1996-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது இந்தப் பாலாற்றுக் கழிவுநீருக்காகத்தான். 2015 ஜனவரி கடைசியில ராணிப்பேட்டை சிப்காட் பொது சுத்திகரிப்பு நிலையத்துல கசடுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு 10 பேர் செத்தாங்க. தொட்டி மட்டம் காட்டுற சென்சார், உப்பு அளவு பதிவு பண்ற மீட்டர், இதெல்லாம் இ.சி.இ. பசங்களால செய்ய முடியாத வேலையா?

"உள்ள விடமாட்டாங்களே"ன்னு சொல்வீங்க. உண்மைதான். காலேஜ் லெட்டரோட கேட்ல நின்னா, பொல்யூஷன் போர்டு ஆளோன்னு பயந்து திருப்பி அனுப்பிடுவாங்க. ஆனா இந்தப் பக்கம் பாதி வீட்டுல அம்மாவோ சித்தியோ அக்காவோ ஷூ கம்பெனிக்குப் போறாங்க. அவங்க சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா, எச்.ஆர்.-ஐ விட சீக்கிரம் கதவு திறக்கும். டேனரி வேணாம், கட்டிங், ஸ்டிச்சிங் யூனிட்ல ஆரம்பிங்க. தொட்டி, டிரம் பக்கம் தனியா போகவே போகாதீங்க, விஷவாயு இருக்கும்.

செலவுக்கு, தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு நிதி தருது. காலேஜ் வழியாத்தான் விண்ணப்பம் போகணும், அதனால கைடுகிட்ட இப்பவே கேளுங்க. சந்தேகம்னா அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1948-ல இருந்து இதே வேலைதான்.

ரிசல்ட் சுமாரா வந்தாலும் பரவாயில்ல. 1% குறைக்கப் போய் 0.3%தான் குறைஞ்சுதுன்னா அப்படியே எழுதுங்க, ஏன்னு எழுதுங்க. அடுத்த வீடியோல மொரட்டோரியம் நேரத்துல வட்டியை மட்டும் கட்டினா எவ்வளவு மிச்சம்னு எக்ஸெல்ல போட்டுப் பார்க்கலாம். உங்க லோன் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு வாங்க.