குடி முதலில், சாப்பாடு பிறகா?

குடியையோ போதைப்பொருளையோ நிறுத்திவிட்டால் உண்ணும் கோளாறு தானாகச் சரியாகிவிடும் என்பவர்கள், இரண்டும் ஒரே உடலில் நடப்பதை மறந்துவிடுகிறார்கள். பசியை அடக்க சிகரெட், மதுவின் கலோரிக்கு ஈடாகப் பட்டினி: இதில் முதல் நோய் எது? உண்ணும் கோளாறு உள்ளவர்களில் பாதிப் பேர் வரை மதுவையோ போதைப்பொருளையோ தவறாகப் பயன்படுத்துவதாகக் கொலம்பியா பல்கலைக்கழகப் போதை ஆய்வு மையத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அமெரிக்கப் பொதுமக்களிடையே அப்போது அது 9 சதவீதம்தான்.

'ஒவ்வொன்றாகப் பார்ப்போம்' என்ற வாதம் மருந்துச் சீட்டிலேயே உடைந்துவிடுகிறது. புகையை நிறுத்தத் தரப்படும் புப்ரோபியான் மருந்து, புலிமியா (அளவின்றி உண்டு பின் வாந்தியெடுப்பது போன்ற வழிகளில் ஈடுகட்டும் கோளாறு) உள்ளவர்களுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும். அவர்களுக்குத் தரவே கூடாது. சாப்பிட்டதை ரகசியமாக வாந்தியெடுப்பவர் அதை வெட்கத்தால் மறைப்பார். கேட்காத மருத்துவருக்கு அது தெரியப்போவதில்லை. குடியாலும் பட்டினியாலும் மெலிந்தவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) தராமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். திடீரென நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறலாம். சாப்பாட்டைப் 'பிறகு' பார்க்க இங்கே அவகாசம் ஏது?

போதையை விட்டபின் சிலரிடம் உணவுக் கட்டுப்பாடு முற்றுவதும் உண்டு. எனவே மனநல மருத்துவர், பொது மருத்துவர், உணவியல் நிபுணர் மூவரும் சேர்ந்தே சிகிச்சையைத் திட்டமிட வேண்டும். தொடக்க ஆலோசனைக்கு இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். வலிப்பு, மயக்கம், ரத்த வாந்தி என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.