தன்னைத் தானே அளந்தறியும் பிள்ளை

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறுகள் வெளியாகும்போது, மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையிலான கரையோர ஊர்களில், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகள் பாராட்டப்படுகின்றனர். பாராட்டு தவறன்று. ஆனால், ஒரு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளை, தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அறியாமலேயே தோற்றவனாகக் கருதப்படுவது கவலைக்குரியது.

1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் அத்தியாவசியத் தேர்ச்சிகளையும் தொடர்ச்சியான கணிப்பீட்டையும் வலியுறுத்தியது. எனினும் கணிப்பீடு ஆசிரியரின் பதிவேட்டோடு நின்றுவிடலாகாது. பிள்ளையின் தன்மதிப்பீடு ஆடம்பரமன்று, கற்றலுக்கு இன்றியமையாதது என்பதைப் போல் பிளாக், டிலான் வில்லியம் எனும் பிரித்தானிய அறிஞர்கள் 1998இல் எடுத்துக்காட்டினர்.

இது நமக்குப் புதியதன்று. குர்ஆன் மதரசாவில் ஓதும் சிறுவன், தான் எந்த ஸூராவில் நிற்கின்றான், எங்கே தடுமாறுகின்றான் என்பதை நன்கறிவான். அத்தெளிவு கணிதத்திலும் தமிழிலும் ஏன் கிட்டலாகாது?

ஓர் அப்பியாசக் கொப்பி போதும். 'தனியாகச் செய்வேன்', 'உதவியுடன் செய்வேன்', 'இன்னும் விளங்கவில்லை' என வாரந்தோறும் பிள்ளை குறிக்க, ஆசிரியர் அதனைப் பிள்ளையின் வேலையுடன் ஒப்பிட்டு வழிகாட்ட வேண்டும். அதற்குப் புள்ளி வழங்கலாகாது. வழங்கினால் பிள்ளை உண்மையை மறைக்கும். கடலுக்கும் வயலுக்கும் செல்லும் பெற்றோருக்குப் பிரத்தியேக வகுப்புக் கட்டணம் சுமையாகலாம், இக்கொப்பி சுமையாகாது.

கல்முனை உள்ளிட்ட கரையோரக் கல்வி வலயங்கள் இதனை மூன்றாம் தரத்திலிருந்தே தொடங்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். பரீட்சை ஒருநாளில் முடிந்துவிடும். தன் குறையைத் தானே கண்டு திருத்தும் பழக்கம் வாழ்நாள் முழுவதும் துணைநிற்கும்.