டிராகன் வருஷமும் மூல நட்சத்திரமும் - ஒரு கடுப்புப் பதிவு

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வர முடியலை. இன்னிக்கும் எழுதற மாதிரி எண்ணம் இல்லை. ஆனா நேத்து ராத்திரி குடியாத்தத்துலேர்ந்து சித்தப்பா போன் பண்ணினார். தங்கச்சிக்கு வந்த நாலாவது வரனும் தட்டிப் போச்சாம். காரணம் அதே பழைய காரணம்தான். கடுப்பு அடங்கலை. அதனால எழுதித் தீர்த்துடறேன்.

சித்தப்பா ஆம்பூர்ல சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கார். பெரிய கம்பெனிங்க தர்ற தோலை வாங்கி, ஷூவோட மேல்பாகத்தை மட்டும் தைச்சுக் கொடுக்கறது. அதுக்குப் பேர் 'அப்பர்' (நாயன்மார் இல்லீங்க :-)). முப்பது தையல் மெஷின், அத்தனையிலும் பெண்கள். 2024 பிப்ரவரியில ஒரு மெஷின் ஏஜெண்ட் வந்து தங்கக் கலர்ல ஒரு டிராகன் பொம்மையைக் கொடுத்தான். "சார், சீனாக்காரனுக்கு இது டிராகன் வருஷம். கிழக்கே பார்த்து வைங்க, ஆர்டர் கொட்டும்"னான். சித்தப்பாவும் கல்லா மேஜையில லட்சுமி படத்துக்குப் பக்கத்துல வச்சுட்டார்.

அந்த வருஷம் டிசம்பர் 16-ம் தேதி ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துல தைவானோட ஹாங் ஃபூ ஷூ கம்பெனிக்கு முதல்வர் அடிக்கல் நாட்டினார். 1,500 கோடி முதலீடு, 25,000 பேருக்கு வேலைன்னு அறிவிப்பு. சித்தப்பாவுக்கு ஒரே குஷி. "பார்த்தியாடா, டிராகன் வேலை செய்யுது!" நான் சொன்னேன், "சித்தப்பா, தைவான் கம்பெனி 2006-லயே செய்யாறு சிப்காட்டுக்கு வந்தாச்சு. 2022-ல அரசாங்கம் காலணித் தொழிலுக்குன்னு தனிக் கொள்கையே போட்டுச்சு. நிலம் இருக்கு, ரோடு இருக்கு, தைக்கத் தெரிஞ்ச பெண்கள் இருக்காங்க. அதான் வர்றான்." அவர் கேக்கலை.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ ஆம்பூரே ஆடிப்போச்சு. "இப்ப இன்னா சொல்றீங்க?"ன்னு கேட்டேன். அசரவே இல்லையே மனுஷன். "அது பாம்பு வருஷம்டா"ன்னுட்டார். ஜனவரி 29-ம் தேதியோட டிராகன் போய் பாம்பு வந்துடுச்சாம். நல்லது நடந்தா டிராகன், கெட்டது நடந்தா அதுக்கு லீவு. இப்படி ஒரு புரோகிராமை நான் எழுதினா என் டெஸ்டிங் டீம் என்னை உயிரோட விடாது.

இதுவரைக்கும் சிரிச்சுட்டுப் போயிடலாம். பொம்மைதானே, யாருக்கு என்ன நஷ்டம்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

தங்கச்சி கதைக்கு வர்றேன். 2000-ம் வருஷம் ஆவணி மாசம் பொறந்தவ. சீனக் கணக்குல அது அசல் டிராகன் வருஷம். பன்னெண்டு மிருகத்துல உலகத்துல இல்லாத ஒரே மிருகம் டிராகன்தான். மழையையும் தண்ணியையும் ஆள்றது, பேரரசனோட சின்னம். அந்த வருஷத்துல பிள்ளை பொறந்தா குடும்பமே கொண்டாடும். நம்ம பஞ்சாங்கத்துலயும் அது விக்கிரம வருஷம், பேர்லயே வீரம். ஆனா அவ பொறந்த அன்னிக்கு சந்திரன் மூலத்துல இருந்துச்சு. முடிஞ்சுது கதை. "பெண் மூலம் நிர்மூலம்", மாமனாருக்கு ஆகாது. நாலு மாமனாருங்க உயிர் பிழைக்க ஓடிட்டாங்க.

அதாவது ஒரே குழந்தை, ஒரே நாள். பெய்ஜிங்ல பொறந்திருந்தா அதிர்ஷ்டசாலி, குடியாத்தத்துல பொறந்ததால அபசகுனம். இதுல எது உண்மை? ரெண்டும் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா விஷயம் அவ்வளவு சுலபமா முடியலை.

நாசி மோகன், ஹான் யூன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2017-ல சீனாவுல டிராகன் வருஷக் குழந்தைகளைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அந்தப் பிள்ளைங்க பரிட்சையில நிஜமாவே அதிக மார்க் வாங்குதுங்க. காலேஜுக்கும் அதிகமா போகுதுங்க! சித்தப்பா, விசிலடிக்காதீங்க, மீதியையும் கேளுங்க. காரணம் என்னன்னு தோண்டினா, பிள்ளைங்ககிட்ட எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் அப்பா அம்மாகிட்ட. என் பிள்ளை டிராகன், பெரிய ஆளா வருவான்னு நம்பி அதிக நேரமும் அதிக காசும் செலவு பண்றாங்க. பெத்தவங்க எதிர்பார்ப்பைக் கணக்குல எடுத்துட்டா, அந்த மார்க் வித்தியாசமும் காணாமப் போயிடுது.

அதான் என் பாயிண்ட். ராசி வேலை செய்யறதில்லை, ராசியை நம்பற மனுஷங்க வேலை செய்யறாங்க. நல்ல ராசின்னு நம்பினா பிள்ளைக்குக் காசு செலவாகும். கெட்ட ராசின்னு நம்பினா பொண்ணுக்கு வாழ்க்கை செலவாகும்.

கெட்டதுக்கும் அதே சீனக் காலண்டர்ல உதாரணம் இருக்கு. ஜப்பான்ல 'நெருப்புக் குதிரை' வருஷம்னு ஒண்ணு, 60 வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அதுல பொறக்கற பொண்ணு புருஷனை முழுங்கிடுவாளாம். நம்ம மூலம் மாமனாரை முழுங்கற மாதிரியே. 1965-ல அங்க 18 லட்சத்துக்கு மேல குழந்தைங்க பொறந்துச்சு. நெருப்புக் குதிரை வருஷமான 1966-ல 13.6 லட்சம்தான். ஒரே வருஷத்துல நாலுல ஒரு பங்கு குறைஞ்சுடுச்சு. புல்லட் ரயில் விட்டு ரெண்டு வருஷம் ஆன நாடு மக்களே அது! படிப்பு இருந்தா மூடநம்பிக்கை போயிடும்னு இன்னமும் சொல்றவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. நமக்கும் 60 வருஷச் சக்கரம், அவங்களுக்கும் 60. அதனால ரெண்டும் சேர்ந்தே சுத்தும். அந்த 1966 நம்ம பஞ்சாங்கத்துல பராபவ வருஷம். பராபவம்னா தோல்வி, அவமானம். 2026-லயும் அங்க நெருப்புக் குதிரை, இங்க பராபவ. நம்ம ஊர்ல யாராவது "ஐயோ பராபவ, பிள்ளை பெத்துக்காதே"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? 2024 டிராகன் வருஷம் நமக்கு குரோதி, அதாவது கோபக்காரன். அதுக்காக யாராவது கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாங்களா? இல்லையே. வருஷத்தோட பேரை நாம கண்டுக்கறதில்லை, அதனால அது நம்மளை ஒண்ணும் பண்றதில்லை. மூலத்தையும் அதே மாதிரி விட்டுட முடியாதா?

டிராகனே சொன்னாலும் சில சமயம் யாரும் கேக்கறதில்லைங்கறதுக்கும் சாட்சி உண்டு. சிங்கப்பூர்ல 1976, 1988, 2000 டிராகன் வருஷங்கள்ல சீனர் வீடுகள்ல பிறப்பு எகிறிச்சு. 2024 சீனப் புத்தாண்டுக்குப் பிரதமர் லீ சியன் லூங் "குட்டி டிராகன்" பெத்துக்கச் சொல்லி இளம் தம்பதிகளைக் கேட்டுக்கிட்டார். என்ன ஆச்சு? ஒரு பெண்ணுக்கு சராசரி குழந்தை 2023-ல 0.97, 2024-லயும் அதே 0.97. தனக்கு வேணாம்னு தோணினா மனுஷன் டிராகனையே தூக்கி ஓரமா வச்சுடறான். ஆனா அடுத்த வீட்டுப் பொண்ணு விஷயம்னா மட்டும் நட்சத்திரம் கல்வெட்டு ஆயிடுது.

"தம்பி, அது பெண் மூலம் இல்லை, 'ஆனி மூலம்', ஆனி மாசத்தைச் சொன்னது"ன்னு விளக்கம் கொடுக்க சிலர் வருவாங்க. ஐயா, உங்க நல்ல மனசுக்கு நன்றி. ஆனா அப்படிச் சொன்னா ஆவணியில பொறந்த என் தங்கச்சி என்ன பண்ணுவா? எழுத்தை மாத்தினா மட்டும் போதாது, சங்கதியையே விடணும். "எதுக்கும் இருக்கட்டுமே, பார்த்துட்டா தப்பில்லையே"ங்கறவங்களுக்கு: அந்த 'எதுக்கும்'ங்கறதோட விலையை நீங்க கொடுக்கறதில்லை. அவ கொடுக்கறா.

அவ சும்மா வீட்டுல இருக்கறவ இல்லை. ஒரு ஷூ கம்பெனியில மெர்ச்சண்டைசர். ஜெர்மனிக்காரன் ராத்திரி பத்து மணிக்கு மெயில் போட்டா பத்தே காலுக்குப் பதில் போடுவா. எந்த பையரும் அவகிட்ட நட்சத்திரம் கேட்டதில்லை. விடியக்காலை கம்பெனி பஸ்ல பேரணாம்பட்டுலேர்ந்தும் குடியாத்தத்துலேர்ந்தும் வர்ற பெண்கள்கிட்ட மெஷின்ல உக்கார வைக்கும்போது யாரும் ஜாதகம் கேக்கறதில்லை. ஊருக்கே சோறு போட அவங்க கை வேணும், அதுக்கு எந்த நட்சத்திரமும் ஓகே. வீட்டுக்குள்ள வரணும்னா மட்டும் 27-ல வடிகட்டணும்.

இப்ப உண்மையைச் சொல்றேன். போன வருஷம் எனக்குப் பொண்ணு பார்க்க ஆரம்பிச்சப்போ, அம்மா ஒரு ஜாதகத்தை "மூலம்டா, வேணாம்"னு எடுத்து வச்சாங்க. அப்பாவுக்கு ஒண்ணு ஆயிடுமோன்னு பயம். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? போன்ல கிரிக்கெட் பார்த்துட்டு இருந்தேன். 'சரி'ன்னு கூடச் சொல்லலை, தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பொண்ணோட அண்ணனும் எங்கயாவது உக்காந்து இப்படி ஒரு பதிவு எழுதியிருப்பான். கல்யாண வெப்சைட்ல நட்சத்திரம் ஃபில்டர் எப்படி வேலை செய்யும்னு உங்களுக்கும் தெரியும், நம்மாளுங்க எழுதின கோடுதான் அது. ஒரு வரி. அந்த ஒரு வரியில ஒரு பொண்ணு நம்ம லிஸ்ட்ல வராமலே போயிடுவா. அவளுக்கே தெரியாது.

நேத்து சித்தப்பாகிட்ட கேட்டேன், "அந்த டிராகனை இன்னும் வச்சிருக்கீங்களா?" "இருக்குடா"ன்னார். "உங்க பொண்ணே டிராகன்தான் சித்தப்பா, 2000-ம் வருஷம். பொம்மையை நம்பறீங்க, அவளை நம்பலையா?"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான் நம்பி இன்னாடா பண்றது, வர்றவன் நம்பணுமே"ன்னார்.

நியாயமான பேச்சு. வர்றவன் நாமதான் மக்களே. இதைப் படிக்கற பாதிப் பேருக்கு வீட்ல பொண்ணு பார்த்துட்டு இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அந்த ஃபில்டர்ல 'எல்லா நட்சத்திரமும்'னு மாத்துங்க. வீட்டுல எடுத்து ஓரமா வச்ச ஜாதகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்க. நான் இந்த வார லீவுக்கு ஊருக்குப் போறேன், அம்மாகிட்ட பேசத்தான். தலை தப்பினா அடுத்த பதிவு :-)

டிஸ்கி: "உனக்கு ஜோசியம் பத்தி என்ன தெரியும்"னு ஆரம்பிக்கறவங்க, முதல்ல உங்க வீட்டு மூல நட்சத்திரத்துக்கு எத்தனை வரன் தட்டிப் போச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டு ஆரம்பிங்க.