போட்ட ரோட்டை ஏன் மறுபடி தோண்டுகிறார்கள்? பாளையங்கோட்டையை முன்வைத்து ஓர் அலசல்

புது ரோடு போடுவார்கள். கொஞ்ச நாளில் பாதாள சாக்கடைக்காகத் தோண்டுவார்கள். அதை மூடியதும் குடிநீர்க் குழாய்க்கு இன்னொரு பள்ளம். பாளையங்கோட்டை மட்டுமல்ல, தமிழகத்தின் பல நகரங்களுக்கும் பழகிப்போன காட்சி இது. ‘காண்ட்ராக்டர் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு மக்கள் கடந்துபோகிறார்கள். ஆனால், சிக்கல் பெரும்பாலும் வேலை தொடங்கும் முன்பே, ஒப்பந்தத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரே தெரு, எத்தனை துறை?

சாலை மாநகராட்சியுடையது அல்லது நெடுஞ்சாலைத் துறையுடையது. பெரிய குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களைக் குடிநீர் வடிகால் வாரியம் செய்கிறது. கம்பமும் கேபிளும் மின் வாரியத்தின் பொறுப்பு. ஒவ்வொரு துறைக்கும் தனி எஸ்டிமேட், தனி டெண்டர், தனி ஒப்பந்ததாரர். இவர்களுக்குள் எந்த ஒப்பந்தமும் கிடையாது. கம்பத்தை மாற்றித் தர ஒரு மாதம் தாமதமானால், ரோடு போடுபவரின் ஆட்களும் இயந்திரங்களும் சும்மா நிற்க வேண்டியதுதான். அந்த நஷ்டம் யார் தலையில்? சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நெல்லையில் என்ன நடந்தது?

2017ல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு நெல்லை தேர்வானது. பணிகளை ஒரே இடத்திலிருந்து நடத்தத் தனி நிறுவனமே அமைக்கப்பட்டது. பாளையங்கோட்டை பஸ் நிலையம், மார்க்கெட் பணிகள் இதன்கீழ் வந்தன. ஆனால், மின் வாரியமும் குடிநீர் வடிகால் வாரியமும் அந்த நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், சந்திப்பு பஸ் நிலையப் பணி பல ஆண்டுகள் இழுத்தது. அங்கே தோண்டி எடுத்த மணல் தொடர்பான விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. மண்ணுக்கு அடியில் இருப்பதற்கு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே தெளிவாக எழுதிவைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

குறைந்த விலைதான் காரணமா?

ஒரு பகுதி காரணம். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. ஊழலைத் தடுக்க இது தேவை. ஆனால், அடிமட்ட விலைக்கு வேலை எடுத்தவர், எதிர்பாராத செலவு வந்ததும் ‘கூடுதல் வேலை’ என்று பில் போடுவார், அதிகாரி கையெழுத்திடத் தயங்குவார், வேலை நின்றுவிடும். மத்திய அரசு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல், சில பணிகளில் தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் தர அனுமதித்தது.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனிலும் இதே சண்டைதான். அங்கே 1994ல் வந்த லேத்தம் அறிக்கை, ஒத்துழைப்பை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னது. அங்குள்ள ‘என்இசி’ ஒப்பந்தத்தில், தாமதமோ கூடுதல் செலவோ வரும் என்று தெரிந்தவுடனே இரு தரப்பும் ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் 5வது முனையத்தில், நஷ்ட அபாயத்தைக் கட்டச் சொன்ன நிறுவனமே ஏற்றது. 2008 மார்ச்சில், சொன்ன நேரத்துக்குத் திறந்தார்கள். முதல் நாளே பயணிகளின் பெட்டிகள் குளறுபடியானது வேறு கதை. கட்டும்போது இருந்த ஒருங்கிணைப்பு, நடத்தும்போது இல்லை.

இங்கே என்ன செய்யலாம்?

டெண்டருக்கு முன்பே எல்லாத் துறையும் சேர்ந்து தெருவை ஆய்வு செய்து, யார் முதலில் தோண்டுவது என்று வரிசை போடலாம். ஒரு துறையால் தாமதமானால் செலவு யாருடையது என்று எழுதிவைக்கலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843ல் திறக்கப்பட்டது. கலெக்டர் தாம்சன் முன்னின்றார், ஹார்ஸ்லி வடிவமைத்தார், சிரஸ்தார் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். அந்தக் காலமும் வேலையும் வேறுதான். ஆனால், யார் என்ன செய்வது என்பதில் அன்று தெளிவு இருந்தது. அடுத்த முறை வீட்டு வாசலில் பள்ளம் தோண்டும்போது, ‘காண்ட்ராக்டர் யார்?’ என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: ‘மற்ற துறைகளிடம் சொல்லிட்டீங்களா?’