பைப்புக்கும் ஒரு மாடி: ஆய்வகக் கட்டடம் கற்ற பாடம்

ஆய்வகம் கட்டும்போது விஞ்ஞானிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். அவர் தலைக்கு மேலே ஓடும் பைப்புகளுக்கு எவ்வளவு இடம்? இந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் லூயி கான். அகமதாபாத் ஐஐஎம் வளாகத்தை வடிவமைத்தாரே, அவரேதான்.

என்ன செய்தார்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக, ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகத்தை 1957-ல் வடிவமைக்கத் தொடங்கினார். மனிதர்கள் வேலை பார்க்கும் இடம் ஒன்று. அதற்குச் சேவை செய்யும் படிக்கட்டு, காற்றுக் குழாய்கள் இன்னொன்று என்று கட்டடத்தையே பிரித்தார். ஆய்வகத்தின் நச்சுக் காற்று, உள்ளே வரும் நல்ல காற்றோடு கலந்துவிடக் கூடாது இல்லையா? அதற்காகத்தான் வெளிப்புறத்தில் உயரமான செங்கல் கோபுரங்கள். உள்ளே 45 அடிக்கு 45 அடி தளம்; நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. 1961-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த ஒரு கட்டடத்துக்காகவே கண்காட்சி வைத்தது.

சிக்கல் எங்கே?

உள்ளே இருந்தவர்களைக் கேட்டால் கதையே வேறு. பெரிய ஜன்னல் வழியே வந்த வெயிலில் கண் கூசியது. கண்ணாடியில் அலுமினியத் தாளை ஒட்டி மறைத்தார்கள். மூடாமல் விட்ட கூரைப் பைப்புகளில் தூசி சேர்ந்தது. திறந்த தளம் ஒத்துவராமல் தடுப்புகள் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த முறை?

போலியோ தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சால்க்கின் ஆய்வு நிறுவனத்தை, கலிபோர்னியாவில் 1965-ல் கட்டி முடித்தார் கான். அங்கே ஒவ்வோர் ஆய்வகத் தளத்துக்கும் மேலே, பைப்புகளுக்கென்றே ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் தனி மாடி! புதுக் கருவி வந்தால் மேலே போய் இணைப்பை மாற்றலாம். கீழே ஆராய்ச்சி நிற்காது. படிக்கவும் யோசிக்கவும் கடலைப் பார்த்த தனி அறைகள்.

நாம் கேட்க வேண்டியது

பைப்புக்கு ஒரு மாடியா என்று பட்ஜெட் கூட்டத்தில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் கட்டடம் ஐம்பது வருஷம் நிற்கும்; உள்ளே இருக்கும் கருவி அவ்வளவு நாள் தாங்காது. முகப்பின் படத்தைப் பார்த்து ஒப்புதல் தருவதற்கு முன், அங்கே தினமும் பத்து மணி நேரம் நிற்கப்போகிற ஆராய்ச்சி மாணவரையும் பராமரிப்பு ஊழியரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கானுக்கே இரண்டாவது கட்டடத்தில்தான் அது கைகூடியது. நம் பல்கலைக்கழகங்கள் முதல் கட்டடத்திலேயே கேட்டுவிடலாமே!