அத்தையின் கையெழுத்து

தாத்தா பெரம்பலூரில் தம் உழைப்பால் கட்டிய ஓட்டு வீட்டை விற்பதென்று அப்பா முடிவு செய்தார். தாத்தா உயில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும், சென்னை வீடுகளுக்கு இருந்ததுபோல் நீதிமன்றத்தில் ‘புரோபேட்’ பெறும் கட்டாயம் எங்கள் ஊர் வீட்டுக்கு இருந்ததில்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்கள்: பாட்டி, அப்பா, அரியலூரில் வாழ்க்கைப்பட்ட அத்தை.

“அத்தைக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கிவிடுங்கள்” என்றார் பத்திர எழுத்தர். ஊர் வழக்கமும் அதுதான்!

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் சுயார்ஜிதத்தில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவே மகளுக்கும் மனைவிக்கும். ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை குடியிருப்பு வீட்டில் பெண் பாகம் கேட்கத் தடை விதித்தது. அந்தத் தடையை நீக்க 2005 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. சட்டம் விலகிக்கொண்டது, பட்டுப்புடவை விலகவில்லை.

“சீர் செய்தோமே” என்கிறார் அப்பா. அதற்காக அவர் பட்ட கடனை நானறிவேன். ஆயினும் சீர் போய்ச் சேர்ந்தது மாமனார் வீட்டுக்கு. அத்தையின் கைக்கு அன்று. அத்தையோ, “பாகம் கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடும்” என்று அஞ்சுகிறார். அச்சத்தில் இடும் கையெழுத்தை விட்டுக்கொடுத்தல் என்று எப்படிச் சொல்வது?

பத்திர நகலைப் படித்துச் சொல்ல வீட்டில் என்னைவிட்டால் ஆளில்லை. படித்தேன். “முதலில் மூன்றில் ஒரு பங்குப் பணத்தை அத்தை கையில் கொடுங்கள், பிறகு அவர் விரும்பினால் திருப்பித் தரட்டும்” என்றேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.