176 என்ற எண்ணில் நமக்கென்ன பெருமை?

குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தால் பத்திரிகைகள் ஒரு பட்டியல் போடும். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு 176, ஆந்திர எம்.எல்.ஏ.வுக்கு 159, சிக்கிமுக்கு 7. உடனே, தமிழ்நாட்டு வாக்காளருக்குத்தான் மதிப்பு அதிகம் என்ற பேச்சு கிளம்பிவிடும். படித்தவர்களும் நம்புகிறார்கள். முழுத் தவறு.

பழவேற்காடு ஏரியையே பாருங்கள். கரையிலுள்ள கோட்டைக்குப்பம் தமிழ்நாட்டின் பொன்னேரித் தொகுதி. ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவு ஆந்திரத்தின் சூளூர்பேட்டைத் தொகுதி. அங்கும் தமிழ் பேசும் மீனவர்கள்தான். கோட்டைக்குப்பத்துக்காரரின் ஓட்டு 17 புள்ளி உசத்தியா? இல்லவே இல்லை. அரசியல் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுக்கிறார்கள். 1971 கணக்கெடுப்பில் நாம் ஏறத்தாழ 4.12 கோடிப் பேர், எம்.எல்.ஏ.க்கள் 234, வந்தது 176. ஆயிரம் பேருக்கு ஓர் ஓட்டு என்பதுதான் கணக்கு, ஏரியின் இரு பக்கமும் அதேதான். வலையில் எவ்வளவு இறால் என்று பார்த்துவிட்டு, எத்தனை பங்கு பிரிக்க வேண்டும் என்று கேட்காமல் போகலாமா?

எண் பெரிதாக இருந்தால் மதிப்பும் பெரிது என்பதில்லை. அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவில் கலிபோர்னியாவுக்கு 54 இடம், வயோமிங்குக்கு 3. ஆனால் தலைக்கணக்கில் வயோமிங்காரரின் ஓட்டுக்கே மூன்று மடங்குக்கும் மேல் எடை.

குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்று 1971-இன் எண்களையே 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆம் திருத்தம் நிலைநிறுத்தியது. 2001-இல் 84-ஆம் திருத்தம் அதை நீட்டித்தது. அது நியாயமான முடிவு. அதனால்தான் 2011 மக்கள்தொகைப்படி பார்த்தால் நமக்குச் சுமார் 1,750 பேருக்கு ஓர் ஓட்டு, ராஜஸ்தானில் சுமார் 2,650 பேருக்கு ஒன்று. எம்.எல்.ஏ. மதிப்பு 152 மட்டுமே உள்ள கேரளத்திலோ சுமார் 1,570 பேருக்கே ஒன்று. 176 பெரிது என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

பெரிய அநியாயம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறது. 2021 பட்டியலில் சோழிங்கநல்லூரில் சுமார் 6.9 லட்சம் வாக்காளர்கள், சென்னைத் துறைமுகத்தில் சுமார் 1.76 லட்சம். இரண்டுக்கும் தலா ஓர் எம்.எல்.ஏ.தான், இரண்டுக்கும் அதே 176. பக்கத்துத் தொகுதியில் நடப்பதைக் கவனிக்காமல் ஆந்திரத்தை ஜெயித்துவிட்டதாக மகிழ்கிறோம்.

2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பின் எண்கள் வந்ததும் 1971 எண்களின் காலம் முடிகிறது, தொகுதி எல்லைகளையும் மாற்றி வரையலாம். குப்பத்துக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் 176-ஐப் பற்றிக் கேட்காதீர்கள். தொகுதி எல்லையை எங்கே போடப் போகிறார்கள், ஏரிக்கரைக் குப்பங்கள் ஒரே தொகுதியில் நிற்குமா, பிரிந்துபோகுமா என்று கேளுங்கள்.